1.3 லிட்டர் டீசல் காருக்கு எந்த டர்போ: பழையதைப் புதுப்பிப்பதா, அதே அளவில் புதியதா, விஜிடிக்கு மாறுவதா?

கேள்வி: தாம்பரம் டீசல்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2014-ஆம் ஆண்டு பதிவான ஹேட்ச்பேக் கார். பியட் வடிவமைத்த 1248 சிசி டீசல் எஞ்சின், 75 பிஎஸ் (குதிரைத்திறன்) வகை. அதாவது டர்பைனைச் சுற்றி இறக்கைகள் திரும்பும் விஜிடி இல்லாத, மிகுதியான புகைவாயுவைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் கதவு மட்டும் உள்ள சாதாரண டர்போ. இரண்டாவது கையாக வாங்கிய வண்டி. ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. சமீப காலமாகக் காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது நீலப் புகை வருகிறது. மேம்பாலம் ஏறும்போது முன்பிருந்த இழுவை இல்லை. மூன்றாவது கியரில் வேகம் எடுக்கும்போது விசில் அடிப்பதைப் போன்ற மெல்லிய ஓசையும் கேட்கிறது. ஏர் ஹோஸைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், தண்டு ஆடுகிறது, டர்போவை மாற்றியாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

எந்த டர்போ என்பதில்தான் குழப்பம். ஒருவர், நடுப்பகுதியான கோரை மட்டும் மாற்றிப் புதுப்பித்தால் போதும் என்கிறார். இன்னொருவர், ரீகண்டிஷன் என்ற பேச்சே வேண்டாம், அதே எண்ணுள்ள புதிய டர்போவை வாங்குங்கள் என்கிறார். மூன்றாமவர், இதே எஞ்சினின் 90 பிஎஸ் வகையில் வந்த விஜிடி டர்போவைப் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் வாங்கிப் போட்டால், 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே இந்த வண்டியில் இருக்கும் மந்தம் அடியோடு போய்விடும் என்று ஆசை காட்டுகிறார்.

என்னுடைய ஓட்டம் பெரும்பாலும் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் வரை, அலுவலக நேர நெரிசலில்தான். அவ்வப்போது திருவண்ணாமலைக்கும், விடுமுறையில் ஊட்டிக்கும் குடும்பத்துடன் போவதுண்டு. பந்தய வேகம் எனக்குத் தேவையில்லை. சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டி தடுமாறாமல் எழ வேண்டும், மலையில் மூச்சு வாங்கக் கூடாது, அவ்வளவுதான். இன்னும் ஐந்தாறு ஆண்டுகளாவது இந்த வண்டியை வைத்திருக்க நினைக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் காரணங்களோடு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில்: அம்பத்தூர்ப் பட்டறை

ஐயா, எந்த டர்போ என்று முடிவு செய்வதற்கு முன்னால், இப்போது இருக்கும் டர்போ உண்மையிலேயே கெட்டுவிட்டதா, கெட்டிருந்தால் எதனால் கெட்டது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தாக வேண்டும். காரணம் தெரியாமல் பொருத்தும் புதிய டர்போ, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், பழையது போன வழியிலேயே போகும்.

முதலில் தண்டு ஆடுகிறது என்ற சொல்லைப் பார்ப்போம். உங்கள் டர்போவில் உள்ளது பால் பேரிங் அன்று. ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுழலும் புஷ் வகைப் பேரிங். எஞ்சின் நிற்கும்போது அந்தப் படலத்தில் அழுத்தம் இருக்காது. ஆகவே விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் தண்டு சிறிதளவு ஆடத்தான் செய்யும். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது இதுதான்: ஹோஸைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்து, காற்றை அழுத்தும் கம்ப்ரசர் சக்கரத்தின் நடுவில் இருக்கும் நட்டை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டே சக்கரத்தை மெதுவாகச் சுழற்றுங்கள். இறக்கையின் நுனி எங்காவது ஹவுசிங்கின் உட்சுவரை உரசுகிறதா, அந்தச் சுவரில் வட்டமாகப் பளபளக்கும் கீறல் இருக்கிறதா என்று கவனியுங்கள். அடுத்து, தண்டை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். அந்தத் திசையில் கைக்குத் தெரியும் அளவுக்கு அசைவு இருக்கவே கூடாது. உரசலோ முன்பின் அசைவோ இருந்தால் டர்போ போய்விட்டது என்று ஒப்புக்கொள்ளலாம். இரண்டும் இல்லையென்றால், விசில் ஓசைக்கும் இழுவைக் குறைவுக்கும் காரணம், டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் பைப்பிலோ ரப்பர் ஹோஸிலோ உள்ள கசிவாக இருக்கவே அதிக வாய்ப்பு. காலையில் மட்டும் வரும் நீலப் புகைக்கு வால்வு சீல்கள்கூடக் காரணமாகலாம். இன்டேக் ஹோஸுக்குள் மெல்லிய ஆயில் பூச்சு இருப்பதும் பெரிய குற்றமில்லை. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் அங்கேதான் வந்து சேர்கிறது.

டர்போதான் போயிருக்கிறது என்று உறுதியானால், அடுத்துப் பார்க்க வேண்டியது ஆயில் வழி. இந்த அளவு சிறிய டர்போவின் தண்டு, முழுச் சுமையில் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுகளை எட்டக்கூடியது. ஆயில் சில நொடிகள் தாமதமானாலே புஷ்ஷில் தேய்மானம் தொடங்கிவிடும். ஆயில் ஊட்டும் மெல்லிய குழாயைக் கழற்றி உள்ளே பாருங்கள். பழைய ஆயில் கருகிக் கரியாகப் படிந்து, துவாரம் பாதியாகச் சுருங்கியிருப்பதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். அந்தக் குழாயைக் கழுவி மறுபடியும் போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. புதிதாகத்தான் போட வேண்டும். ஆயில் திரும்பி இறங்கும் வழியும் அதே அளவுக்கு முக்கியமானது. அங்கே பம்பு கிடையாது. ஆயில் தன் எடையால்தான் எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு இறங்குகிறது. டர்போவின் சீல்கள் ரப்பர் சீல்கள் அல்ல, பிஸ்டன் ரிங்கைப் போன்ற மெல்லிய இரும்பு வளையங்கள். இறங்கும் குழாய் அடைத்துக்கொண்டாலோ, பிஸ்டன் ரிங் தேய்ந்து கிராங்க் கேஸில் (எஞ்சினின் அடிக்கூட்டில்) அழுத்தம் கூடினாலோ, ஆயில் இறங்க வழியில்லாமல் அந்த வளையங்களைத் தாண்டிப் புகையாக வெளியே வரும். அந்த நிலையில் புதிய டர்போ போட்டாலும் புகை நிற்காது. ஆகவே எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, காற்று எவ்வளவு பலமாக வெளியே தள்ளுகிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கோர் மாற்றுவதைப் பற்றி என் கருத்து இது. தண்டு, இரண்டு சக்கரங்கள், பேரிங் ஹவுசிங் ஆகிய அனைத்தும் சேர்ந்த நடுப்பகுதிதான் கோர். புகைவாயுவால் சுழலும் டர்பைன் சக்கரத்தின் ஹவுசிங்கில், குறிப்பாக வேஸ்ட்கேட் உட்காரும் இடத்தில், விரிசல் இல்லாமல் இருந்து, கம்ப்ரசர் ஹவுசிங்கின் உட்சுவரில் ஆழமான கீறலும் இல்லாவிட்டால், கோர் மாற்றுவது முறையான வேலைதான். ஆனால் அந்தக் கோர் டர்போ தயாரித்த நிறுவனத்துடையதா, பெயரில்லாத டப்பாவில் வந்ததா என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. அதிவேக பேலன்சிங் இயந்திரத்தில் வைத்துப் பார்த்த அறிக்கையை, அந்தக் கோரின் எண்ணோடு கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் இடத்தில் வேலையைக் கொடுக்காதீர்கள். புஷ் கிட்டை மட்டும் மாற்றி, பேலன்ஸ் பார்க்காமல் மூடித் தருவதை ரீகண்டிஷன் என்று சொல்வார்கள். அதை வாங்கவே வாங்காதீர்கள்.


பதில்: காற்றும் கணக்கும்

பட்டறை ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நான் டர்போவின் அளவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். டர்போவைத் தேர்ந்தெடுப்பது என்றால் எத்தனை பார் பூஸ்ட் (வெளிக்காற்றுக்கு மேல் கூட்டும் அழுத்தம்) என்று கேட்பதாகவே பலரும் நினைக்கிறார்கள். எஞ்சினுக்குத் தேவை அழுத்தம் அன்று, காற்றின் நிறை. அந்தக் காற்று எந்த ஆர்பிஎம்மில் தேவைப்படுகிறது என்பதைப் பொறுத்தே டர்போவின் அளவு அமைய வேண்டும்.

உங்கள் எஞ்சினை வைத்தே கணக்குப் போடலாம். 75 பிஎஸ் என்பது சுமார் 55 கிலோவாட். முழுத் திறனில் ஒரு கிலோவாட் மணிக்கு ஏறத்தாழ 0.25 கிலோ டீசல் செலவாகும் என்று கொண்டால், மணிக்குப் பதினான்கு கிலோ டீசல். கரும்புகை இல்லாமல் எரிய, ஒரு கிலோ டீசலுக்கு இருபது கிலோ காற்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நிமிடத்துக்குச் சுமார் 4.6 கிலோ காற்று. இதே கணக்கில் 90 பிஎஸ்ஸுக்கு நிமிடத்துக்கு 5.5 கிலோ. இனி எஞ்சின் எவ்வளவு விழுங்கும் என்று பாருங்கள். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் சிலிண்டரை நிரப்புகிறது. ஆகவே 4000 ஆர்பிஎம்மில் 1248 சிசி எஞ்சின், நிரம்பும் திறன் தொண்ணூறு சதவீதம் எனக் கொண்டால், நிமிடத்துக்கு 2.25 கன மீட்டர் காற்றை இழுக்கும். அந்தக் கொள்ளளவுக்குள் 4.6 கிலோவை அடைக்க வேண்டுமானால், இன்டர்கூலருக்குப் பின் காற்று 60 டிகிரியில் இருக்கும் நிலையில், மொத்த அழுத்தம் சுமார் 2 பார், அதாவது வெளிக்காற்றுக்கு மேல் ஒரு பார் பூஸ்ட் தேவை. 5.5 கிலோவுக்கு மொத்த அழுத்தம் 2.3 பார் ஆகிவிடும்.

ஆனால் மேடவாக்கம் சாலையில் நீங்கள் 4000 ஆர்பிஎம்மில் ஓட்டுவதில்லை. 1500 ஆர்பிஎம்மில், 0.3 பார் பூஸ்ட் கிடைக்கும்போது, அதே எஞ்சின் இழுக்கும் காற்று நிமிடத்துக்குச் சுமார் 1.2 கிலோதான், 90 பிஎஸ்ஸுக்கான உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். ஒவ்வொரு டர்போவுக்கும் கம்ப்ரசர் மேப் என்ற வரைபடம் உண்டு. கிடை அச்சில் காற்றின் அளவு, நெடு அச்சில் அழுத்த விகிதம். அதன் இடது எல்லைக்கு சர்ஜ் கோடு என்று பெயர். அதற்கு இடப்பக்கம் போனால் காற்று நிலையாக முன்னே போகாமல் திரும்பி அடித்து, தண்டு முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கைத் தாக்கும். வலது எல்லையைத் தாண்டினால் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்று கூடாது, சூடுதான் கூடும். நீங்கள் அன்றாடம் ஓட்டும் புள்ளிகள், மேப்பின் நடுவில் இருக்கும் திறன் மிகுந்த பகுதியில் விழ வேண்டும். பெரிய கம்ப்ரசர் சக்கரம் உள்ள டர்போவைப் போட்டால், நெடுஞ்சாலையில் உச்ச வேகத்தில் கிடைக்கும் சிறிய ஆதாயத்துக்காக, நாள் முழுவதும் ஓட்டும் 1500 முதல் 2500 ஆர்பிஎம் வரையிலான பகுதி பாழாகிவிடும்.

டர்பைன் பக்கத்தில் பார்க்க வேண்டியது ஏ/ஆர் விகிதம். புகைவாயு சுற்றி வரும் நத்தை வடிவக் கூட்டின் குறுக்குப் பரப்பை, தண்டின் மையத்திலிருந்து அந்தப் பரப்பின் மையம் வரையுள்ள தூரத்தால் வகுத்தால் வருவது அது. எண் சிறியதாக இருந்தால் வாயு விரைந்து வந்து சக்கரத்தை அடிக்கும். டர்போ சீக்கிரம் எழும், ஆனால் உயர் ஆர்பிஎம்மில் புகை வெளியேற முடியாமல் பின்னழுத்தம் கூடும். எண் பெரியதாக இருந்தால் இதற்கு நேர்மாறு. விஜிடியின் சிறப்பு இதில்தான் இருக்கிறது. டர்பைனைச் சுற்றியுள்ள சிறு இறக்கைகள் திரும்பி, குறைந்த வேகத்தில் வழியை ஒடுக்கியும் அதிக வேகத்தில் அகலப்படுத்தியும் கொடுப்பதால், ஒரே டர்போ சிறியதாகவும் பெரியதாகவும் இயங்க முடிகிறது. இதே எஞ்சினின் 75 பிஎஸ் வகை 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை 2000 ஆர்பிஎம்மில் கொடுத்தது. விஜிடி உள்ள 90 பிஎஸ் வகை 200 நியூட்டன் மீட்டரை 1750 ஆர்பிஎம்மிலேயே கொடுத்தது. உங்கள் நண்பர் காட்டும் ஆசையில் உண்மை இருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

சென்னைக்கே உரிய ஒரு கணக்கு உண்டு, அது வெப்பம். கத்திரி வெயிலில் 40 டிகிரிக் காற்றை உள்ளே இழுத்து, அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால், எழுபது சதவீதத் திறனுள்ள கம்ப்ரசரிலிருந்து அது சுமார் 138 டிகிரியில் வெளியே வரும். மேப்பின் ஓரத்தில், அறுபது சதவீதத் திறனில் ஓடினால் அதே காற்று 154 டிகிரியில் வரும். நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது இன்டர்கூலருக்குப் போதிய காற்றும் கிடைப்பதில்லை. ஆகவே டர்போவுக்குச் செலவிடும்போது, இன்டர்கூலரின் உட்புறத்தில் தேங்கியிருக்கும் ஆயிலைக் கழுவி, வெளிப்புறத் தகடுகளில் அடைந்திருக்கும் மண்ணையும் பூச்சிகளையும் நீக்குவதையும் சேர்த்துச் செய்துவிடுங்கள்.

ஊட்டிக்கும் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். கடல் மட்டத்திலிருந்து 2240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே சுமார் 0.77 பார்தான். சென்னையில் 2 பார் மொத்த அழுத்தத்துக்கு அழுத்த விகிதம் ஏறத்தாழ இரண்டு. ஊட்டியில் அதே அழுத்தத்தை எட்ட அந்த விகிதம் 2.6 ஆக வேண்டும். அதாவது தண்டு இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். சமவெளியிலேயே எல்லை வேகத்தில் சுற்றும்படி, வேஸ்ட்கேட்டை இயக்கும் ஆக்சுவேட்டரை முறுக்கி பூஸ்ட்டைக் கூட்டி வைத்திருக்கும் டர்போ, மலையில்தான் உடையும். புதுப்பித்துத் தருபவர்கள் ஒரு சுற்று கூடுதலாக வைத்துத் தரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.


தாம்பரம் டீசல்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றே ஹோஸைக் கழற்றி, பட்டறை ஐயா சொன்னபடி நட்டை அழுத்திச் சுழற்றிப் பார்த்தோம். இறக்கை நுனி ஓரிடத்தில் உரசுவது கைக்கே தெரிகிறது. உட்சுவரில் பளபளக்கும் கோடும் இருக்கிறது. ஆயில் ஊட்டும் குழாய்க்குள் கம்பியை விட்டபோது கரி பொடிப்பொடியாக வந்தது. ஆயில் மூடியைத் திறந்தபோது காற்று லேசாகத்தான் வந்தது. ஆகவே எஞ்சின் நலமாக இருப்பதாகவும், ஆயில் பற்றாக்குறையால்தான் டர்போ போனதாகவும் எடுத்துக்கொள்கிறேன்.

விஜிடியைப் பற்றி இன்னும் மனம் ஊசலாடுகிறது. காற்றும் கணக்கும் ஐயா கொடுத்த 1750 என்ற எண்ணைப் படித்த பிறகு ஆசை கூடிவிட்டது என்றே சொல்ல வேண்டும். யாராவது உண்மையில் மாற்றி ஓட்டியிருக்கிறீர்களா? டர்போவை மட்டும் மாற்றினால் போதுமா?


பதில்: பெரம்பூர் விஜிடி

நான் மாற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், சகோதரரே. பலனில் எனக்குத் திருப்தி உண்டு. ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரிக்கு விடை, போதவே போதாது என்பதுதான்.

உங்கள் வண்டியின் கணினிக்கு விஜிடி என்ற ஒன்று இருப்பதே தெரியாது. இறக்கைகளை எந்த ஆர்பிஎம்மில், எந்தச் சுமையில், எவ்வளவு திருப்ப வேண்டும் என்ற அட்டவணை அதன் மென்பொருளில் இல்லை; கட்டளையை நிறைவேற்றும், மின்சாரத்தால் இயங்கும் சோலனாய்டு வால்வும் வயரிங்கும் இல்லை. ஆகவே 90 பிஎஸ் வகையின் மேனிஃபோல்டு (புகைவாயு சேரும் குழாய்த் தொகுதி), ஆயில் குழாய்கள், ஏர் பைப்புகள், சோலனாய்டு, வாக்வம் இணைப்பு, கணினி அல்லது அதற்கு ஈடான மென்பொருள் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியிருக்கும். செலவைக் குறைக்க, வாக்வம் ஆக்சுவேட்டரை எடுத்துவிட்டுப் பூஸ்ட் அழுத்தத்தில் இயங்கும் சாதாரண ஆக்சுவேட்டரை மாட்டித் தருபவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் இறக்கைகள் தோராயமாகத்தான் திரும்பும். நடு வேகத்தில் பூஸ்ட் திடீரென எகிறி, வண்டி பாதுகாப்பு நிலைக்குப் போய் இழுவையை வெட்டிவிடும். அதற்கு உங்களுடைய பழைய டர்போவே எவ்வளவோ மேல்.

புதுப்பேட்டையில் கிடைப்பது ஓடித் தேய்ந்த டர்போ. சாதாரண டர்போவில் பார்க்கும் சோதனைகளோடு, விஜிடியில் இறக்கைகள் சிக்காமல் முழு அளவுக்குத் திரும்புகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ஆக்சுவேட்டர் கம்பியைக் கையால் இழுத்தால் தடையின்றி வழுவழுப்பாக நகர்ந்து, விட்டவுடன் முழுமையாகத் திரும்ப வேண்டும். நடுவில் எங்காவது கரகரத்தால் உள்ளே புகைக்கரி இறுகியிருக்கிறது என்று பொருள். இந்தக் கரிதான் உங்கள் ஓட்டத்துக்கு விஜிடி பொருந்துமா என்ற கேள்வியை எழுப்புகிறது. நாள்தோறும் நெரிசலில் குறைந்த சுமையில் ஊர்ந்து செல்லும் வண்டியில் புகைவாயு போதிய அளவு சூடாவதில்லை. கரி படிந்து இறக்கைகள் சிக்கிக்கொள்கின்றன. வாரம் ஒரு முறையாவது புறவழிச் சாலையில் நல்ல சுமையோடு ஓட்டுவதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன்.

சட்டப் பக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். திறனைக் கூட்டும் மாற்றத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளாமல் செய்தால், விபத்து நேரும் நாளில் இழப்பீட்டுக் கோரிக்கை சிக்கலாகிவிடும். அதே அளவு டர்போவை மாற்றுவது பழுதுபார்ப்பு மட்டுமே. அதில் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை.

எனக்கு வேலை நாட்களில் ரயில். கார் பெரும்பாலும் நெடுஞ்சாலைக்குத்தான். உங்கள் நிலையில் நான் இருந்தால் மாற்ற மாட்டேன்.


கேள்வி: திருவான்மியூர் பெட்ரோல்

இதே இழையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என்னுடையது டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் கார். மேலே பேசப்படும் சிறிய டீசல் டர்போக்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை இதில் பொருத்தி, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பயணங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் திறன் பெற முடியுமா?


பதில்: காற்றும் கணக்கும்

முடியாது என்று சொல்வதைவிட, செய்யக் கூடாது என்று சொல்வேன். டீசல் எஞ்சினின் புகைவாயு பெரும்பாலும் 800 டிகிரியைத் தாண்டாது. பெட்ரோல் எஞ்சினில், முழுச் சுமையில், 950 முதல் 1050 டிகிரி வரை போகும். டீசலுக்காக வார்த்த டர்பைன் ஹவுசிங்கும் விஜிடி இறக்கைகளும் அந்தச் சூட்டைத் தாங்கும் உலோகத்தால் ஆனவை அல்ல. பெட்ரோல் கார்களில் விஜிடி அரிதாகவே வருவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

அதற்கும் மேலாக, டர்போ இல்லாத எஞ்சினைக் கம்ப்ரஷன் விகிதத்தை (சிலிண்டரில் கலவை சுருங்கும் மடங்கை) உயர்த்தியே வடிவமைத்திருப்பார்கள். இன்றைய எஞ்சின்களில் பலவற்றில் அது 11-க்கும் 12-க்கும் இடையில் இருக்கிறது. அதன் மேல் அரை பார் பூஸ்ட் கொடுத்தாலே, சென்னை வெயிலில், பங்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலில், நாக்கிங் தொடங்கிவிடும். ஸ்பார்க் பற்றவைத்த தீ பரவி வந்து சேரும் முன்பே மீதிக் கலவை தானாக வெடித்து பிஸ்டனின் விளிம்பை அரிக்கும். அதைத் தவிர்க்க பிஸ்டன், கனெக்டிங் ராடு, இன்ஜெக்டர், கிளட்ச், கணினி என்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும் வண்டிக்கு அந்தச் செலவு தகும். அங்கே நிமிடத்துக்கு ஒரு பவுண்டு காற்றுக்கு ஏறத்தாழ பத்துக் குதிரைத்திறன் என்ற கணக்கில் தொடங்கி, வேண்டிய திறனுக்கேற்ற கம்ப்ரசரைத் தேர்ந்தெடுக்கலாம். அன்றாடம் குடும்பத்தோடு போகும் காருக்கு, இதை விற்றுவிட்டு, தொழிற்சாலையிலேயே டர்போவோடு வந்த பெட்ரோல் கார் ஒன்றை வாங்குவதுதான் குறைந்த செலவு.


தாம்பரம் டீசல்

பெரம்பூர் சகோதரரின் விளக்கத்துக்குப் பிறகு விஜிடி ஆசையை விட்டுவிட்டேன். அதே அளவு டர்போதான். உட்சுவரில் கீறல் விழுந்துவிட்டதால், கோரை மட்டும் மாற்றுவதா, முழு டர்போவையும் வாங்குவதா என்பது மட்டும் பாக்கி. பொருத்தும்போது நான் அருகில் இருந்து கவனிக்க வேண்டியவை எவை என்றும் பட்டறை ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில்: அம்பத்தூர்ப் பட்டறை

கீறல் நகத்தில் தட்டுப்படுகிறது என்றால் முழு டர்போவாகவே வாங்குங்கள். இறக்கை நுனிக்கும் சுவருக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி மிக மிகக் குறைவு. கீறிய சுவரில் புதிய கோரை வைத்தால் காற்று அந்த வழியே பின்னோக்கிக் கசிந்து, கீழ் ஆர்பிஎம்மில் நீங்கள் எதிர்பார்க்கும் இழுவையே குறைந்துபோகும். பழைய டர்போவின் தகட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, கார் உதிரிபாகக் கடைகள் உள்ள ஜி.பி. ரோட்டுக்குப் போங்கள். வண்டியின் பெயரையும் ஆண்டையும் மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரே எஞ்சினுக்கு ஒன்றுக்கும் மேற்பட்ட டர்போக்கள் வந்திருக்கின்றன, ஆக்சுவேட்டரின் அமைப்பு மாறுபடும். பில்லில் அந்த எண்ணை எழுதி வாங்குங்கள். பெயரில்லாத முழு டர்போவுக்கும், தயாரிப்பு நிறுவனத்தின் கோருக்கும் விலை ஒன்றாகவே இருந்தாலும், கீறல் மேலோட்டமாக இருக்கும் பட்சத்தில் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

பொருத்தும் நாளில் கட்டாயம் உடன் இருங்கள். உடைந்த டர்போவிலிருந்து உதிர்ந்த துணுக்குகள் இன்டர்கூலரிலும் பைப்புகளிலும் தங்கியிருக்கலாம்; அவற்றைக் கழற்றிக் கழுவாமல் மூட விடாதீர்கள். ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஊட்டும் குழாய், வாஷர்கள், கேஸ்கெட்டுகள் அனைத்தும் புதியவையாக இருக்க வேண்டும். ஆயில் வழியில் உள்ள கேஸ்கெட்டுகளில் சிலிக்கான் பேஸ்ட் தடவவே கூடாது. பிதுங்கி உள்ளே விழும் ஒரு துளி போதும், ஊட்டும் துவாரத்தை அடைத்துவிடும். குழாயை மாட்டுவதற்கு முன்னால் டர்போவின் ஆயில் துவாரத்தில் சுத்தமான ஆயிலை ஊற்றி, தண்டைக் கையால் சில சுற்று சுழற்ற வேண்டும். பிறகு எஞ்சின் பற்றிக்கொள்ளாதபடி இன்ஜெக்டர் இணைப்பை எடுத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். அதன் பின்னரே ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் சில நிமிடங்கள் ஐடிலில் ஓடவிட்டு, எல்லா இணைப்புகளிலும் கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஓட்டும் முறையிலும் ஒரு சொல். வண்டலூர் வரை நெடுஞ்சாலையில் வேகமாக வந்து, தேநீருக்கு நிறுத்தும்போது சட்டென்று சாவியைத் திருப்பிவிடாதீர்கள். டர்பைன் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். ஆயில் ஓட்டம் நின்றவுடன் பேரிங்கில் தேங்கிய ஆயில் கருகத் தொடங்கும். ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். தயாரிப்பாளர் குறித்த தரத்திலுள்ள சிந்தெடிக் ஆயிலை ஊற்றி, புத்தகத்தில் சொன்ன இடைவெளியில் பாதிக்கே மாற்றிவிடுங்கள். சென்னை நெரிசலில் கிலோமீட்டர் குறைவாகக் காட்டினாலும் எஞ்சின் ஓடிய நேரம் அதிகம். டர்போ மாற்றிய பிறகு முதல் ஆயிரம் கிலோமீட்டரில் ஒரு முறை வந்து ஹோஸ் கிளாம்புகளையும் மேனிஃபோல்டு நட்டுகளையும் இறுக்கிக்கொள்ளுங்கள். சூடாகி ஆறும்போது அவை தளர்வது வழக்கம்.